ஊழும் விதிமுறையும்: ஏரிப் படகுகளை முன்வைத்து

தமிழில் ‘விதி’ என்னும் ஒரே சொல், மனித முயற்சிக்கு அப்பாற்பட்டதெனக் கருதப்படும் ஊழையும், மனிதர் கூடி வகுத்துக்கொள்ளும் ஒழுங்கையும் குறித்து நிற்கிறது. உல்லாசப் படகொன்று கவிழ்ந்து உயிர்கள் மடியும்போது, ‘எல்லாம் விதி’ என்று ஆறுதல் சொல்லப்படுவதும், ‘விதி மீறப்பட்டது’ என்று வழக்குப் பதியப்படுவதும் அச்சொல்லாலேயே நிகழ்கின்றன. இவ்விரண்டில் எது முதலில் பேசப்பட வேண்டும் என்பது அறவியல் சார்ந்த கேள்வியாகும்.

பெங்களூரில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் ரிச்சர்ட்ஸ் டவுனுக்குச் சற்றுத் தெற்கே அல்சூர் ஏரி உள்ளது. அதன் அருகே 2009 ஆகஸ்ட் 9 அன்று திருவள்ளுவர் சிலை திறந்துவைக்கப்பட்டது. ஊழின் வலிமையைத் தனி அதிகாரமாக வகுத்த வள்ளுவரே, ஆள்வினையுடைமை, அதாவது விடாமுயற்சி, என்பதற்கும் ஓர் அதிகாரம் அமைத்து, தெய்வத்தால் ஆகாதபோதும் உடல் வருந்திய முயற்சி தனக்குரிய கூலியைத் தரும் என்று நிறுவினார். சிலை திறக்கப்பட்ட ஏழு வாரங்களில், செப்டம்பர் 30 அன்று, தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் 22 பேரும், 2024 ஜனவரி 18 அன்று வடோதராவின் ஹர்ணி ஏரியில் 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் மாண்டனர். தானூரில் மீன்பிடிப் படகு உல்லாசப் படகாக மாற்றப்பட்டு, அளவுக்கு மீறி ஆட்கள் ஏற்றப்பட்டிருந்தனர். ஹர்ணியில் குழந்தைகள் பலருக்கு லைஃப் ஜாக்கெட், அதாவது நீரில் உடலைத் தாங்கி நிறுத்தும் மிதவை அங்கி, அணிவிக்கப்படவில்லை. இவற்றை ஊழின் கணக்கில் எழுதுவது, மனிதர் செய்த பிழைக்குத் தெய்வத்தைப் பொறுப்பாக்குவதாகும்.

1917ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்த 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம், இயந்திரப் படகுகளுக்குத் தகுதிச் சான்றையும் பதிவுச் சான்றையும் வேண்டுகிறது. தகுதிச் சான்று, படகின் உடலும் பொறியும் பாதுகாப்புக் கருவிகளும் சோதிக்கப்பட்டன என்பதற்கான அத்தாட்சி. பதிவு, அப்படகுக்கு ஓர் எண்ணையும் பொறுப்பேற்கும் ஓர் உரிமையாளரையும் உறுதிசெய்வது. ‘இதற்கு நானே பொறுப்பு’ என்று ஒருவர் முன்கூட்டியே கையொப்பமிடுவதே பதிவின் அறப்பொருளாகும்.

கருவி இருந்தால் மட்டும் போதாது. கொக்கி மாட்டாத லைஃப் ஜாக்கெட், நீரில் விழுந்த கணத்தில் தோளை விட்டு மேலேறி முகத்தை மறைக்கும். பெரியவர் அளவிலான அங்கியை அணிந்த குழந்தையோ அதன் அடியாகவே நழுவிப்போகும். ஆகவேதான் குழந்தைகளுக்குரிய அங்கிகளில் கால்களுக்கிடையே கோத்துக் கட்டும் பட்டை வைக்கப்படுகிறது. இருக்கைக்கு அடியில் அடுக்கிவைத்த அங்கி எவரையும் காப்பதில்லை.

பாதுகாப்பை நாடுவது இறைநம்பிக்கையின் குறைவு என்று எண்ணுவோர் உண்டு. கல்லோடு பிணைத்துக் கடலில் எறியப்பட்ட திருநாவுக்கரசர் கரையேறினார் என்று சைவ மரபு போற்றுகிறது. ஆயினும் அது பிறர் அவருக்கு இழைத்த கொடுமையிலிருந்து கிடைத்த மீட்சியே அன்றி, பிறரை ஆபத்தில் இறக்குவதற்கான அனுமதி அன்று. விவிலியத்தின் உபாகமமோ, வீடு கட்டுபவர் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்றும், இல்லையேல் அங்கிருந்து விழுபவரின் இரத்தப்பழி அவ்வீட்டைச் சேரும் என்றும் கட்டளையிடுகிறது. முன்பின் அறியாத ஒருவரின் உயிரைக் கருதி எழுப்பப்படும் அச்சுவருக்கும், படகில் ஒவ்வொருவருக்கும் எடுத்துவைக்கப்படும் அங்கிக்கும் அடிப்படை ஒன்றே.

மனிதர் செய்யக்கூடியவை அனைத்தும் செய்யப்பட்ட பின்னரே ஊழைப் பற்றிப் பேசும் உரிமை பிறக்கிறது. ஆகவே ஏரிக்கரையில் குழந்தையின் கைபிடித்து நிற்கும் பெற்றோர், படகின் பதிவு எண்ணைப் பார்த்து, ஏறுவோரின் எண்ணிக்கையைக் கேட்டு, குழந்தையின் அங்கியில் கொக்கிகளைத் தம் கையாலேயே மாட்டிய பிறகு படகில் ஏறுவார்களாக.