ராடன் சாலேயின் சிங்கம்

ஜாவாவின் ராடன் சாலே 1829-இல் ஹாலந்துக்குப் போனார். உருவச் சித்திரத்தை க்ரூஸ்மானிடமும் நிலக்காட்சியை ஷெல்ஃப்ஹௌட்டிடமும் கற்றார். மிருகங்களைக் கற்க அவர் போன இடம் தி ஹேக்கில் மிருகப் பயிற்சியாளன் ஹென்றி மார்ட்டின் வைத்திருந்த கூண்டுகள். அங்கே சிங்கங்களைப் பார்த்து வரைந்தார். ஜாவாவில் அன்று புலி உண்டு, சிங்கம் கிடையாது. கீழ்த்திசைக் காடுகளின் மூர்க்கத்தைக் கண்டு வந்தவர் என்று ஐரோப்பா கொண்டாடிய மனிதர் சிங்கத்தைக் கற்றது ஐரோப்பாவில், கம்பிகளுக்கு இப்பால் நின்று.

அவருக்குப் பெயர் தேடித் தந்தவை வேட்டைச் சித்திரங்கள். குதிரை வெருள்கிறது, மிருகம் பாய்கிறது. எனக்கு இவற்றில் ஈடுபாடு இல்லை (பார்த்ததெல்லாம் அச்சுப் பிரதிகளில்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்). சாமர்த்தியம் இருக்கிறது, கேட்டவர்களுக்குக் கேட்டது கிடைத்திருக்கிறது. வேடனும் குதிரையும் இல்லாமல் மிருகம் மட்டும் இருக்கும் அபூர்வமான வரைபடம்தான் என்னைத் தொந்தரவு செய்கிறது.

இப்படி ஒன்றைக் கண்டதும் நம் விமர்சன மனம் பரபரக்கிறது: சிங்கம் சாலேதான், கூண்டு காலனி ஆட்சி. இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் அர்த்தத்தை நான் சந்தேகிக்கிறேன். ஊர் திரும்பியபின் 1857-இல் அவர் வரைந்த ‘டிபோநெகோரோவின் கைது’ வேறு விஷயம். பேச்சுவார்த்தைக்கு வந்த இளவரசர் 1830-இல் பிடிக்கப்பட்ட காட்சி அது. டச்சு அதிகாரிகளின் தலைகள் உடலுக்குப் பொருந்தாமல் பெருத்திருக்கின்றன. வேண்டுமென்றே செய்தது என்று பலரும் சொல்வதை நானும் ஏற்கிறேன். அங்கே குறியீடு தேட நியாயம் உண்டு. சித்திரத்தில் இருப்பவர்கள் சரித்திரத்தில் பங்கு கொண்டவர்கள்.

சிங்கம் எதில் பங்கு கொண்டது? மார்ட்டினுக்கு அது வேடிக்கைப் பொருள். சித்திரம் வாங்கிய பிரபுக்களுக்கு மூர்க்கம். நல்லெண்ணத்தோடு வரும் நமக்கு அடிமைப்பட்ட தேசம். மூன்றிலும் அந்த மிருகம் காணாமல் போகிறது. அடைபட்ட ஓர் உயிரை, அது நமக்கு எதைக் குறிக்கிறது என்று கேட்காமல் பார்க்க முடியுமா? வரைகிற கைக்கு அது சில நிமிஷங்களாவது முடிந்திருக்க வேண்டும். பிடரியின் சரிவைக் கண் பின்தொடரும்போது தேசத்துக்கு அங்கே இடமில்லை. ஆனால் அந்தக் கவனம் பார்ப்பவனைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறது என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. கூண்டு இல்லாமல் அந்த வரைபடமும் இல்லை.

1864-இல் பத்தாவியாவின் சிகினியில் மிருகக்காட்சிசாலை ஏற்பட்டது. அதற்கு நிலம் கொடுத்தவர் ராடன் சாலே. கூண்டில் அவர் தன்னையே கண்டார் என்பவர்கள் இந்த நிலத்தை எந்தக் குறியீட்டில் சேர்ப்பார்களோ.