ஐயமும் துணிபும்

கண்டதனைக் கண்டவாறே துணிதல் அறிவுடைமையாகுமோ என்னும் வினா அளவை நூலார்க்குப் பழையது. புதுமை விழையும் உள்ளம் ஐயத்தைத் துணிபாகக் கொள்ளுதற்கு விரையுமாதலின், அதனை அடக்குதற்கு ஓர் எல்லை வேண்டப்படும். நுண்டுகள் ஆராய்வார் வகுத்துக்கொண்ட எல்லை ஈண்டு ஆராயற்பாலது.

தற்செயலான ஏற்றத்தாழ்வின் இயல்பான அளவு திட்ட விலக்கம் எனப்படும். 5 திட்ட விலக்கத்தை எட்டியதனையே அவர் கண்டுபிடிப்பு என்ப. புதியது யாதும் இல்லாதவிடத்தும் தற்செயலாகவே அத்துணை மிகுதி தோன்றுதல் ஏறத்தாழ 35 லட்சத்தில் ஒருமுறையே என்பது அதன் பொருள். கண்டது பொய்யாதற்கு அவ்வளவே இடமுண்டு எனக் கொள்ளுதல் பிழை.

ஜெனீவாவை அடுத்த செர்ன் நிலையத்தில் அட்லஸ், சி.எம்.எஸ். என்னும் இரு குழுவினர், புரோட்டான்களின் மோதலில் எழும் ஒளித்துகளிணைகள் 75,000 கோடி எலெக்ட்ரான்-வோல்ட்டு அளவிற்கு அண்மையில் எதிர்பார்த்ததனினும் மிக்கிருத்தலை 2015 டிசம்பரில் அறிவித்தனர். அம்மிகுதி முன்னையோர்க்கு ஏறத்தாழ 4 திட்ட விலக்கம், பின்னையோர்க்கு 2.6. புதிய துகளெனக் கருதி அறிஞர் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் வரைந்தனர்.

அற்றேல், அவ்வளவு போதாதோவெனின், போதாது. நூறிடத்துத் தேடியவன் ஓரிடத்து அரியதொன்றைக் கண்டானாயின், தேடிய நூறிடத்தையும் எண்ணியே அதன் அருமையை உரைத்தல் வேண்டும். கண்ட இடத்தை மட்டும் காட்டி ஏனையவற்றை மறைத்தல், பொய் சொல்லாமலே பொய்யின் பயனை விளைத்தலாம். அக்குழுவினர் மறைத்திலர். எல்லாவிடங்களையும் எண்ணியவழி 4 என்பது 2-ஐச் சிறிதே கடந்ததாகவும், 2.6 என்பது 1.2 ஆகவும் குறைதலை உடனுரைத்தனர். 2016 ஆகஸ்டில், பன்மடங்கு மிக்க புதிய மோதல்களை ஆராய்ந்தவிடத்து அம்மிகுதி மறைந்தது.

இங்ஙனம் காத்திருத்தலால் மெய்யும் இழக்கப்படாதோ என்பார்க்கு விடை அந்நிலையத்திலேயே உளது. 2011 டிசம்பரில் 12,500 கோடி எலெக்ட்ரான்-வோல்ட்டிற்கு அண்மையில் தோன்றிய குறியும் ஏறத்தாழ இத்துணையதே. அது 2012 ஜூலையில் இரு குழுவினரிடத்தும் 5-ஐ எட்டி, ஹிக்ஸ் துகளைத் தேடியார்க்குப் புதிய துகளொன்றை உறுதிப்படுத்திற்று.

தொடக்கத்தில் இரு குறியும் ஒப்பனவே; ஒன்று வளர்ந்தது, ஒன்று தேய்ந்தது. அவற்றை வேறுபடுத்தியது காண்போரின் விருப்பமன்று, மேன்மேலும் நிகழ்ந்த ஆய்வே. ஆதலின், காண்பதற்கு முன்னரே எல்லை வகுத்தலும், கண்டபின் அதனைத் தளர்த்தாமையும், தேடியவற்றையெல்லாம் ஒளியாதுரைத்தலும் கணக்கின் நுட்பம் மட்டுமல்ல. நடுவுநிலைமை என்னும் அறமுமாம் என்க.