விட்டுவைக்கும் தர்மம்

பிற உயிர்களுக்கு நன்மை செய்ய விரும்புகிறவன் ஓயாமல் எதையேனும் செய்துகொண்டே இருக்க வேண்டும் என்பதும், சும்மா விட்டுவைப்பது சோம்பலேயன்றி வேறில்லை என்பதும் நம்மில் பலருடைய அபிப்பிராயம். கோயம்புத்தூர்ப் புறநகரில், எங்கள் குடியிருப்புக்குப் பொதுவாக ஒதுக்கப்பட்ட மனையொன்றில், அயலார் சிலரோடு சேர்ந்து இந்த மண்ணுக்குரிய செடிகளைப் பட்சிகளுக்காகவும் பூச்சிகளுக்காகவும் பேணிவரும் அனுபவம், இந்த அபிப்பிராயம் எவ்வளவு தூரம் செல்லும் என்று என்னைச் சிந்திக்கச் செய்தது.

செய்தே தீரவேண்டிய வேலை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பிரதேசத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு, இன்று மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் மானும் யானையும் மேயும் புல்லை நெருக்கி அழித்துவரும் உண்ணிச்செடி எங்கள் மனையையும் மூடிக் கிடந்தது. அதன் பூவில் தேன் உண்டு. வண்ணத்துப்பூச்சிகள் அதை நாடுவதும் மெய்யே. ஆயினும் அவற்றின் புழுக்களுக்கு அதன் இலை ஆகாரமாவதில்லை. வந்தவளுக்குப் பானகம் கொடுத்துவிட்டு, அவள் இடுப்பிலிருக்கும் குழந்தைக்குச் சோறில்லை என்று சொல்லும் வீட்டைப் போன்றது அச்செடி. அதை வேரோடு அகழ்ந்து, ஐப்பசி மழையை நம்பி எருக்கும் ஆவாரையும் கொன்றையும் நாரத்தையும் கறிவேப்பிலையும் ஆடுதீண்டாப்பாளையும் வைத்தோம்.

இவற்றுள் எருக்கும் ஆடுதீண்டாப்பாளையும் யாரும் விரும்பி வளர்க்காதவை. ஆனால் எருக்கிலையைத் தின்னும் வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு, அதன் பாலிலுள்ள நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்துக்கொள்வதால், வளர்ந்த பின்னும் பறவைகள் அந்தப் பூச்சியைத் தவிர்க்கின்றன. ஆடுதீண்டாப்பாளையில் வளரும் செவ்வுடல் பூச்சிகளுக்கும் அவ்வாறே நஞ்சு காவலாகிறது. கறிவேப்பிலையில் வளரும் கரிய பூச்சிக்கோ நஞ்சில்லை. எனினும் அதன் பெண்பூச்சிகளில் சில அந்தச் செவ்வுடல் பூச்சியின் ரூபத்தைத் தாங்கிப் பிழைக்கின்றன. தரையில் படர்ந்த ஆடுதீண்டாப்பாளை போன்ற ஓர் அற்பக் கொடியைக் களையென்று பிடுங்கினால், செவ்வுடல் பூச்சி அருகி, எங்கோ கறிவேப்பிலையில் பிறந்த ஓர் உயிருக்கு அதன் வேஷத்தினால் பிரயோஜனம் குறைந்துவிடும். எது எதைப் பற்றி நிற்கிறது என்பதை முழுவதும் அறியாத கை, வெட்டுவதற்கு முன் சற்றுத் தயங்குவதே விவேகம்.

அந்தத் தயக்கம் எளிதில் வருவதன்று. அண்டை வீட்டுப் பாட்டி ஒருநாள், "ஏன் கண்ணு, கறிவேப்பிலையெல்லாம் புழு தின்னுருச்சே, மருந்து அடிச்சா என்ன?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. தையல்சிட்டும் தேன்சிட்டும் தம் குஞ்சுகளுக்கு ஊட்டுவது புழுவையும் சிறு பூச்சிகளையுமே என்பதையும், புழுவைக் கொன்றால் அந்தக் கூட்டின் உணவைப் பறித்தவர்களாவோம் என்பதையும் சொன்னேன். பாட்டி மறுபடி கேட்கவில்லை. தாளிப்புக்கு வேண்டியதை மேல்கிளையில் பறித்துக்கொண்டு, கீழ்க்கிளைகளைப் புழுக்களுக்கு விட்டுவிட்டார்கள்.

பட்டுப்போன கிளையை விறகுக்கு முறிக்காமல் வைத்தால் கருவண்டு அதைக் குடைந்து குஞ்சு பொரிக்கிறது; சருகைக் கொளுத்தாமல் விட்டால் அதன் கீழ் எண்ணற்ற சிறு ஜீவன்கள் மழைக்காலத்தைக் கடக்கின்றன; தரையில் ஓரிடத்தைச் சிமெண்டு பூசாமல் வெறுமண்ணாக வைத்தால் கூட்டமின்றித் தனித்து வாழும் தேனீக்கள் அதில் வளை தோண்டுகின்றன. இவை ஒவ்வொன்றும் நாம் செய்யாமல் இருந்ததனாலேயே கிடைத்த நன்மை. யாருக்கும் தனியே சொந்தமில்லாத பொது மனையில், ஒவ்வொருவரும் தம் கண்ணுக்கு உகந்த ஒழுங்கைச் சிறிது விட்டுக்கொடுத்தாலன்றி இது நடவாது. விரதம் இருப்பவர் பசியை அடக்குவதுபோலவே இங்கே நாம் அடக்கவேண்டியது, எல்லாவற்றையும் நம் விருப்பத்துக்குத் திருத்திவிடவேண்டும் என்னும் ஆசையை.

ஆதலால் என் முடிவு இது: உதவுவதற்கு நீளும் கையைப் போலவே, ஊறு செய்யாமல் நின்றுவிடும் கையும் தொண்டே செய்கிறது. உங்கள் தெருவிலும் பொது இடம் ஒன்று இருக்குமாயின், அந்நியக் களையை அகற்றுங்கள். உங்கள் மண்ணின் செடியை நடுங்கள். அதன் பின், ஒரு மூலையையேனும் வெட்டாமல், மருந்தடிக்காமல், கொளுத்தாமல் விட்டுவையுங்கள்.