எல்லாருக்கும் பிடிக்கணும்னா?

போன ஒன்றுகூடலில் பேசியதை எழுதித் தரச் சொன்னார்கள். பேசின மாதிரியே எழுதுகிறேன். சமயப் பேச்சில் கேம் கதை எதுக்குன்னு பெரியவங்க கேட்கலாம், கொஞ்சம் பொறுத்துக்குங்க.

'ரெசிடென்ட் ஈவில்' தெரியாதவங்க நம்மில் கம்மி. 1996இல் வந்த முதல் பாகத்தில் ஒரு பழைய மாளிகை, எண்ணி எண்ணிச் செலவழிக்க வேண்டிய தோட்டா, கதவைத் திறக்கவே பயம். அந்தப் பயம்தான் அதன் உயிர். 2012இல் ஆறாம் பாகம் வந்தது. பயம் வேணுங்கிறவனுக்கு லியோன் கதை, சுட்டுத் தள்ளணுங்கிறவனுக்கு கிறிஸ் கதை, துரத்தலும் கைச்சண்டையும் கேட்கிறவனுக்கு ஜேக் கதை, போதாதுன்னு ஏடாவுக்குத் தனியா ஒன்று. கேப்காம் நிறுவனம் முதலில் 7 மில்லியன் விற்கும் என்று எதிர்பார்த்தது, பிறகு அந்தக் கணக்கைக் குறைத்துக்கொண்டது. விற்காமல் போகலை, நானும்தான் முழுசா விளையாடினேன். ஆனா பழைய ரசிகன் "பயமே இல்லையே" என்றான். சண்டை பிடிச்சவனுக்கு அதைவிட நல்ல சண்டை கேம் வேறு இருந்தது. 2017இல் ஏழாம் பாகம் மறுபடியும் ஒரு வீட்டுக்குள், ஒரு குடும்பத்துக்கு நடுவில் நம்மைப் பூட்டியது. இழந்த பேரை அங்கேதான் மீட்டார்கள்.

இதை என் ரூம்மேட்டிடம் சொன்னப்போ அவன் மடக்கினான். "நம்ம சமயமே எல்லாருக்கும் இடம் கொடுக்குதே, அது மட்டும் சரியா?"

நல்ல கேள்வி. ரெண்டு நாள் பதில் தெரியலை. அப்புறம் பெரியபுராணம் ஞாபகம் வந்தது. குங்கிலியக் கலயர் தூபம் போட்டார். வீட்டில் அரிசி இல்லாதபோதும், மனைவி கொடுத்த தாலியை விற்றுக் குங்கிலியம்தான் வாங்கினார். கலியர் திருவொற்றியூரில் விளக்கு ஏற்றினார். தண்டியடிகளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. கோல் நட்டு, கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே திருவாரூரில் குளம் தோண்டினார். கலியர் போய்க் குளம் வெட்டலை. தண்டியடிகள் விளக்குக்கு எண்ணெய் தேடலை. 63 பேரையும் ஏற்றுக்கொண்டவன் சிவன் ஒருவன். எல்லாருக்கும் எல்லாமாக இருப்பது அவன் வேலை. நமக்கு அந்த வேலையை யாரும் கொடுக்கலை. கீதையில் சுயதர்மத்தைப் பற்றிக் கண்ணன் சொல்வதையும் நான் இப்படித்தான் புரிஞ்சிக்கிறேன்.

(கேம் செய்றவங்களிலும் இப்படி ஆட்கள் உண்டு. 2023இல் டொரண்டோவில் இருந்து வந்த 'வெண்பா'வில் ஒரு தமிழ் அம்மா சமைப்பாங்க, அவ்வளவுதான். துப்பாக்கி கிடையாது, ஓரிரு மணி நேரத்தில் முடிஞ்சிடும். அடுத்த வருஷம் பாஃப்டா விருது வாங்கியது.)

இனி என் சொந்தக் கதை. பண்டார் தெங்காராவில் எங்கள் கோயிலின் ஞாயிறு தேவார வகுப்பைப் போன வருஷம் என்னிடம் ஒப்படைத்தார்கள். அப்போ 14 பிள்ளைங்க. சுற்றிலும் செம்பனை, மோட்டாரில் ரொம்ப தூரத்திலிருந்தும் அப்பாமார் ஏற்றி வருவாங்க. இன்னும் நிறைய பேர் வரணுங்கிற ஆசையில் வினாடி வினா வெச்சேன், கதை, சிலம்பம், அப்புறம் பெற்றோர் கேட்டாங்கன்னு கணக்கு டியூஷனும் சேர்த்தேன். தேவாரத்துக்கு மிஞ்சியது பத்து நிமிஷம். மூணு மாசத்தில் 6 பேர்தான். சிலம்பம் கத்துக்கணும்னா வேற இடத்தில் நல்ல மாஸ்டர் இருக்கார். டியூஷனுக்கு டீச்சர் இருக்காங்க. என்னிடம் எதுக்கு வரணும்?

ஒரு சின்னப் பையன் மட்டும் கேட்டான், "அண்ணா, பாட்டு எப்பண்ணா?"

என் ஆறாம் பாகம் அன்னிக்கு முடிந்தது. அடுத்த வாரத்திலிருந்து சம்பந்தர் சீர்காழியில் பாடிய முதல் பதிகம் மட்டும். 11 பாட்டு, வாரம் ஒன்று, தாளம் தட்டி, பொருள் சொல்லி. எனக்கே ராகம் சரியா நிக்காது. கோயில் பாட்டி ஒருத்தங்க பக்கத்தில் உட்கார்ந்து திருத்துவாங்க. இப்போ 9 பேர். 14 ஆகலை, ஆகாமலும் போகலாம்.

போன ஞாயிறு அந்தப் பையன் செருப்பைக் கழற்றிக்கிட்டே கேட்டான், "இன்னிக்கும் அதே பாட்டாண்ணா?"

"அதேதான்டா, அடுத்த அடி."

தங்கச்சியை இழுத்துக்கிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தான்.