இல்லாமையை இல்லை என்ற அரசு

2025 ஜூலை 14 அன்று கியூப நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன் பேசிய தொழிலாளர் மற்றும் சமூகப் பாதுகாப்பு அமைச்சர் மார்த்தா எலேனா ஃபெய்த்தோ, தம் நாட்டில் பிச்சைக்காரர்களே கிடையாது என்றார். அப்படித் தெரிகிறவர்கள் பிச்சைக்காரர் வேடம் போட்டவர்களாம். சிக்னலில் நிற்கும் கார்களின் கண்ணாடியைத் துடைத்துக் காசு கேட்பவர்கள் சுலபமாகப் பிழைக்க வழி கண்டுகொண்டவர்கள். அந்தக் காசில் குடிக்கிறவர்கள். குப்பைத் தொட்டியைக் கிளறுகிறவர்கள் பழைய பொருள்களைப் பொறுக்கி விற்று, வரி கட்டாமல் சட்டவிரோதமாகத் தொழில் நடத்துகிறவர்கள். பேச்சு காணொளியாகப் பரவியது. மறுநாள் அதிபர் மிகேல் தியாஸ்-கனெல், அமைச்சரின் பெயரைச் சொல்லாமல், மக்கள் படும் பாட்டை அறியாதவர்போலத் தலைமை பேசக் கூடாது என்று கண்டித்தார். அன்றே அமைச்சர் பதவி விலகினார். நாட்டின் பொருளாதார அறிஞர்களில் ஒருவரான பெத்ரோ மொன்ரியால், அமைச்சர் வேடம் போட்டவர்களும் இங்கே உண்டு என்று கிண்டலாக எழுதினார். ஆக, இரண்டே நாளில் விவகாரம் அரசியல் கணக்கில் தீர்ந்தது. அறத்தின் கணக்கில் அது இன்னும் தீரவில்லை.

ஓர் அரசு தன் குடிகளுக்குச் சோறு போட முடியாமல் போவது பெருங்குற்றமா, சோறற்றவர் இருப்பதையே மறுப்பது பெருங்குற்றமா என்பதுதான் இங்கே எழும் கேள்வி. பின்னதே பெரிது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. முடியாமைக்குப் பல காரணங்கள் இருக்கலாம்: மழை, போர், பகை, கடன், சந்தை. மறுப்புக்கு ஆள்பவரின் மனம் தவிர வேறு காரணம் கிடையாது. வள்ளுவர் இரவு என்றும் இரவச்சம் என்றும் இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். இரத்தலின் இழிவை அவரைவிடக் கடுமையாகச் சொன்னவர் இல்லை. ஆனால் இரந்துதான் உயிர் வாழ வேண்டும் என்ற நிலை ஒருவனுக்கு வாய்க்குமானால் வள்ளுவரின் சாபம் அவன்மேல் விழுவதில்லை. உலகைப் படைத்தவன்மேல் விழுகிறது. படைத்தவனே அந்தச் சாபத்துக்குத் தப்பாதபோது, உலகின் ஒரு சிறு பகுதியைக் காக்கப் பொறுப்பேற்றவர்கள் எப்படித் தப்புவார்கள்? கையேந்தியவனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய ஹவானா அமைச்சரோ அந்தச் சாபத்தைத் திசைமாற்றி விட்டார்.

கியூபாவில் இந்த மறுப்பு வேறெங்கும் இல்லாத அளவுக்கு உறுத்துவதற்கு அந்நாட்டின் வரலாறே காரணம். 1959-இன் புரட்சி வறியவரின் பெயரால் வந்தது. 1961-இன் எழுத்தறிவு இயக்கமும் இலவச மருத்துவமும் மெய்யான சாதனைகள். 1962-இல் லிப்ரேத்தா என்ற ரேஷன் அட்டை வந்தபோது, எவரும் பட்டினி கிடக்க விடமாட்டோம் என்ற வாக்கு வீடு வீடாகக் காகிதத்தில் போய்ச் சேர்ந்தது. சோவியத் ஒன்றியம் 1991-இல் சிதைந்தபின் வந்த கொடும் பஞ்ச காலத்திலும் அந்த அட்டை நிற்கவில்லை. இன்றும் அட்டை இருக்கிறது. கடையில் பொருள்தான் இல்லை. 2024 செப்டம்பரில் ரேஷன் ரொட்டியின் எடை 80 கிராமிலிருந்து 60 கிராமாகக் குறைக்கப்பட்டது. வேண்டுகிற எவருக்கும் ஒரு குவளை பால் கிடைக்கும்படி உற்பத்தி பெருக வேண்டும் என்று 2007-இல் ராவுல் காஸ்ட்ரோ மேடையில் பேசினார். 2024-இன் தொடக்கத்தில் ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பால் பவுடரையே உலக உணவுத் திட்டத்திடம் கேட்டுப் பெற வேண்டியதாயிற்று.

பணத்தின் கதை இதைவிடக் கொடியது. 2021 ஜனவரியில் இரட்டை நாணய முறையை ஒழித்து, டாலருக்கு 24 பெசோ என்று நிர்ணயித்தார்கள். 2025 நடுவில் வெளிச்சந்தையில் டாலர் 400 பெசோவை நெருங்கிவிட்டது. அப்போது குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,528 பெசோ. நான்கு டாலர்கூடத் தேறாது. தனியார் கடையில் முப்பது முட்டை அடுக்கிய ஓர் அட்டையை வாங்க அந்த மாதப் பணம் முழுவதும் போதாது. மக்களில் நால்வரில் ஒருவர் 60 வயதைக் கடந்தவர். 2020 இறுதியில் 1.1 கோடிக்கு மேல் இருந்த மக்கள்தொகை, அரசின் சொந்தக் கணக்குப்படியே 2024 இறுதியில் 97.5 லட்சமாகச் சுருங்கிவிட்டது. உழைக்கும் வயதுப் பிள்ளைகள் கடல் தாண்டிப் போய்விட்டார்கள். வெளிநாட்டுப் பணம் வரும் வீடு ஒருவாறு நிமிர்ந்து நிற்கிறது. அனுப்ப ஆளில்லாத வீட்டுக் கிழவர் குப்பைத் தொட்டிக்குப் போகிறார். ஹவானாவில் அவர்களை 'பூசோ', அதாவது முக்குளிப்பவர், என்கிறார்கள். அமைச்சர் கண்ட வேடதாரிகளில் ஆசிரியராகவும் ஆலைத் தொழிலாளியாகவும் முப்பது நாற்பது ஆண்டு இதே அரசிடம் வேலை பார்த்து ஓய்ந்தவர்கள் இருப்பார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம்.

இதை அரசு அறியாது என்று சொல்ல முடியாது. ஐந்தாண்டுகளில் பொருளாதாரம் 11 சதவீதம் சுருங்கியதாக அதே ஜூலையில் பொருளாதார அமைச்சரே நாடாளுமன்றத்தில் கணக்குக் கொடுத்தார். 2018-இல் 47 லட்சத்தைத் தொட்ட சுற்றுலாப் பயணிகள் 2024-இல் 22 லட்சமாகக் குறைந்திருந்தார்கள். அப்படியிருந்தும் ஹவானாவின் வேதாதோ பகுதியில் நாற்பது மாடிகளுக்கு மேல் ஓங்கிய ஓட்டல் ஒன்று 2025-இல் திறக்கப்பட்டது. அரசு முதலீட்டில் ஓட்டல் தொழிலுக்குப் போனது வேளாண்மைக்குப் போனதைவிடப் பலமடங்கு. 2025 ஜனவரியில் டாலர் நோட்டு வாங்கும் பல்பொருள் அங்காடி அதே நகரின் மிராமார் பகுதியில் வந்தது. பெசோவில் ஓய்வூதியம் வாங்குபவருக்கு அங்கே வேலையில்லை. இத்தனையும் நடந்தபின் ஏழையே இல்லை என்பது அறியாமையால் வந்த சொல்லாகாது. எவரையும் கைவிடமாட்டோம் என்று அறுபது ஆண்டு சொல்லிவந்த அரசுக்கு, கைவிடப்பட்டவரைக் கண்ணால் காண்பதே எதிரான சாட்சியாகிவிடும். ஆகவே வறுமை குற்றமாக மாற்றிப் பெயரிடப்படுகிறது: குடிப்பழக்கம், வரி ஏய்ப்பு, சட்டவிரோதத் தொழில். இத்தகைய பெயர் வைத்துவிட்டால் உதவி செய்யும் கடமை தீர்ந்து, தண்டிக்கும் உரிமை பிறந்துவிடுகிறது.

பசித்தவள் வேடம் போட்ட ஒருத்தியைத் தமிழ்க் காப்பியம் அறியும். மணிமேகலை, தீராப் பசிநோய் கொண்ட காயசண்டிகையின் உருவை எடுத்துக்கொண்டு, அமுதசுரபியோடு புகாரின் சிறைக்கோட்டத்துக்குள் போய்க் கைதிகளுக்குச் சோறிட்டாள். காவலர் வழியாகச் செய்தி அறிந்த சோழன் அவளை அழைத்து, என்ன வேண்டும் என்று கேட்டான். சிறையை அறக்கோட்டமாக்கு என்றாள், ஆக்கினான். உண்மையாகவே வேடமிட்டிருந்தவள் முன்னும் அந்த அரசன் வேடத்தைத் துருவவில்லை. உயிர் கொடுத்தவர் உணவு கொடுத்தவரே என்னும் நெறியில் ஊறிய காப்பியத்துக்கு, பசி மெய்யா பொய்யா என்று விசாரணை நடத்துவதே அருவருப்பானது.

எல்லாவற்றுக்கும் அமெரிக்கத் தடையே காரணம் என்பது கியூப அரசின் வாதம். அதில் உண்மை உண்டு. 1962 முதல் நீடிக்கும் வணிகத் தடை, 1996-இன் ஹெல்ம்ஸ்-பர்ட்டன் சட்டம், பயங்கரவாத ஆதரவு நாடுகளின் பட்டியலில் 2021-இல் மீண்டும் சேர்த்தது எல்லாம் கியூபாவின் கழுத்தை நெரிக்கின்றன. 1992 முதல் ஏறத்தாழ ஆண்டுதோறும் ஐ.நா. பொதுச்சபை பெரும்பான்மையோடு தடையைக் கண்டிப்பது சும்மாவன்று. இது நியாயமான முறையீடு. ஆனால் பகைவன் மூட்டிய பசியானாலும் அதைப் பசி என்று ஒப்புக்கொள்ளத் தடை எதுவும் குறுக்கே நிற்கவில்லை. சோழன் கிள்ளிவளவனிடம் வெள்ளைக்குடி நாகனார் சொன்னதைப் புறநானூறு காத்து வைத்திருக்கிறது: மழை பொய்த்தாலும் விளைச்சல் குன்றினாலும் உலகம் அரசனைத்தான் பழிக்கும் என்றார் அவர். மழை அரசன் கையில் இல்லை என்பது புலவருக்குத் தெரியாததா? தெரிந்துதான் சொன்னார். பாட்டைக் கேட்ட சோழன் வானத்தைக் கைகாட்டாமல், பழைய நிலவரிக் கடனைத் தள்ளுபடி செய்தான். சீனத்து அறிஞர் மென்சியஸும் ஓர் அரசனிடம் ஏறத்தாழ இதையே கேட்டார்: மக்கள் பட்டினியால் சாகையில் நானல்ல, காலம் என்று சொல்வது, குத்திக் கொன்றுவிட்டு நானல்ல, கத்தி என்பதிலிருந்து எப்படி வேறுபடும்? அமெரிக்க நகரங்களின் நடைபாதைகளிலும் வீடற்றவர்கள் கிடக்கிறார்களே என்பாரும் உண்டு. கிடக்கிறார்கள், அதுவும் வெட்கக்கேடுதான். ஆனால் எவரையும் தெருவில் விடமாட்டேன் என்று அந்த அரசு தன் மக்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை.

குறையை ஒப்புக்கொண்டால் எதிரிக்கு ஆயுதம் கொடுத்ததாகும் என்பது இன்னொரு வாதம். இதற்குக் கியூப வரலாற்றிலேயே விடை இருக்கிறது. 1970-இல் ஒரு கோடி டன் சர்க்கரை உற்பத்தி என்ற இலக்குக்காக நாட்டையே கரும்புக் காட்டில் இறக்கிவிட்டு, 85 லட்சம் டன்னோடு நின்றபோது, ஃபிடல் காஸ்ட்ரோ ஜூலை 26 அன்று கூட்டத்தின் முன் நின்று தோல்வியைத் தோல்வி என்றார். பொறுப்பைத் தலைமைமேல் ஏற்றிக்கொண்டு, வேண்டுமானால் தம்மை மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். எதிரி அப்போதும் தொண்ணூறு மைல் தொலைவில்தான் இருந்தான். புரட்சி அதனால் கவிழ்ந்துவிடவில்லை. தவறு செய்தவன் நானே என்று சொல்லி அரியணையிலேயே உயிர்விட்ட பாண்டியன் நெடுஞ்செழியனைத் தமிழ் உலகம் ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு மேலாக மறக்கவில்லை. அவன் அளித்த தீர்ப்பு தீயது. ஒப்புக்கொண்டதால்தான் அவனுக்கு இளங்கோவின் காப்பியத்தில் மரியாதை மிஞ்சியது. செங்கோன்மையையும் கொடுங்கோன்மையையும் அடுத்தடுத்து வைத்த திருக்குறள், துன்புற்றவர் கண்ணீரே ஆள்பவரின் செல்வத்தைத் தேய்க்கும் படை என்கிறது. கண்ணீரைத் துடைக்க முடியாதவன் அதைக் கண்ணீர் என்றாவது சொல்ல வேண்டாமா?

அமைச்சரைத்தான் நீக்கிவிட்டார்களே என்று கேட்கலாம். நீக்கம் சரியானதே. ஆனால் அவர் சொன்னது ஒரு தனிமனிதரின் வாய்த்தவறு என்று நம்புவதற்கில்லை. இடித்துச் சொல்லும் துணை இல்லாத மன்னன் கெடுப்பவர் எவரும் இல்லாமலே கெடுவான் என்பது பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரத்தின் எச்சரிக்கை. செவிக்குக் கசப்பான சொல்லைப் பொறுக்கும் வேந்தனின் குடைநிழலில்தான் உலகம் தங்கும் என்று இறைமாட்சியும் சொல்கிறது. கியூபாவில் 2023 தேர்தலில் 470 இடங்களுக்கு 470 வேட்பாளர்களே நின்றார்கள். அவர்களில் இடித்துரைப்பவர் யார்? சபைக்கு வெளியே இடித்துரைத்தவர்களின் கதியும் தெரிந்ததே. 2021 ஜூலை 11 அன்று உணவும் மருந்தும் மின்சாரமும் கேட்டு, கூடவே விடுதலையும் கேட்டுத் தெருவுக்கு வந்தவர்களில் நூற்றுக்கணக்கானோர் தண்டிக்கப்பட்டார்கள். சிலருக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேல் சிறை. பசிக்கிறது என்று கூவியவர் சிறையில் இருக்க, பசியே இல்லை என்றவர் பதவியை மட்டும் இழந்து வீட்டுக்குப் போனார். இந்த இரண்டு தண்டனைகளையும் எதிரெதிர்த் தட்டுகளில் வைத்துப் பார்க்கிற எவருக்கும் துலாக்கோல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது விளங்கும்.

அதே ஜூலைக் கூட்டத்தொடரில் ஓய்வூதிய உயர்வும் அறிவிக்கப்பட்டது. செப்டம்பர் முதல் குறைந்தபட்சத் தொகை 3,056 பெசோ: இரு மடங்கு, அப்போதைய வெளிச்சந்தைக் கணக்கில் ஏழெட்டு டாலர். கொடுத்தது நல்லதே. ஆனால் இந்தத் தொகை எதை அளந்து நிர்ணயிக்கப்பட்டது என்பதற்கு விடையில்லை. ஏனென்றால் வறுமைக் கோடு என்ற ஒன்றைக் கியூப அரசு வெளியிடுவதே இல்லை. நலிவுற்றோர் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. தெருவில் திரிவோரை அலையும் நடத்தை உடையோர் என்று கோப்புகளில் குறித்துக்கொள்கிறது. ஏழை என்ற தலைப்பில் எண் கிடையாது. தொழிலாளர் அமைச்சகத்தில் இப்போது வேறொருவர் அமர்ந்திருக்கிறார். ஒரு முதியவர் ஒரு மாதம் உண்ண எத்தனை பெசோ ஆகும், மாகாணவாரியாக அந்தத் தொகைக்குக் கீழே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற இரண்டு எண்களை அவர் ஆண்டுதோறும் அச்சிட்டு வெளியிட்டால் போதும். அதற்கு டாலர் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம், வாஷிங்டனின் அனுமதியும் வேண்டாம்.