கூண்டுக்குள் நிற்பவர்

வேலி போடுகிறவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: யாரை வெளியே நிறுத்த? கம்பியின் கனம், உயரம், இடைவெளி எல்லாம் அப்பால்தான். மாட்டுக்கு என்றால் வேலிகாத்தான் முள் போதும். ஆட்டுக்குக் கீழே படல் வைத்துக் கட்ட வேண்டும். மனுசனுக்கு என்றால்தான் கணக்கு மாறுகிறது. மாடு முள்ளைப் பார்த்துத் திரும்பிவிடும். மனுசன் நின்று யோசிப்பான்.

ஆரணியில் இருபது வருசத்துக்கு மேல் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். பட்டு வியாபாரி வீட்டு ஜன்னலுக்குக் கிரில், கடைக்கு இழுப்புக் கதவு, மில்லுக்கு கேட் என்று செய்துகொண்டிருந்த கை, இப்போது நம் தெருக்களில் அம்பேத்கர் சிலைக்குக் கூண்டு செய்கிறது. இந்த வேலையைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. தத்துவம் படித்தவர்கள் இதில் தத்துவம் இருக்கிறதா என்று கேட்கலாம். எனக்குத் தெரிந்து இரும்பில் நிறையவே இருக்கிறது.

ஏற முடியாத வேலிக்குக் குறுக்குக் கம்பி கூடாது. குறுக்குக் கம்பி என்பது ஏணிப்படி. நெட்டுக் கம்பிகளை நாலு அங்குலத்துக்குள் அடுக்கினால் உடம்பு நுழையாது. போல்ட்டின் நட்டு உள்பக்கம் இருக்க வேண்டும். வெளியில் இருந்தால் ஒரு ஸ்பேனர் போதும். கீலை மேலே தூக்கிக் கழற்ற முடியாதபடி அடைக்க வேண்டும். பூட்டுக்குத் தனியாகத் தகட்டில் பெட்டி. இவ்வளவும் செய்தாலும் வெட்ட முடியாத வேலி என்று உலகத்தில் ஒன்று கிடையாது. 12 எம்.எம். கம்பியை ஹேக்ஸா பிளேடு சில நிமிசத்தில் அறுக்கும், கிரைண்டருக்கு அதுகூட வேண்டாம். வேலி செய்கிறவன் நேரத்தைத்தான் விற்கிறான். அந்த நேரத்துக்குள் ஒருத்தன் பார்த்து, சத்தம் போட்டு, ஆள் வந்து பிடிக்க வேண்டும். பார்க்க ஆள் இல்லாத வேலி வெறும் இரும்புதான்.

வெளிநாட்டுச் சிறைகளில் 358 என்று ஒரு வலை போடுகிறார்கள். கண்ணி மூன்று அங்குலம் நீளம், அரை அங்குல உயரம், கம்பி எட்டாம் கேஜ். அதனால் அந்தப் பெயர். விரல் நுழையாது, ஆகவே ஏற முடியாது. கட்டரின் வாய் நுழையாது, ஆகவே வெட்டுவது கஷ்டம். ஒரு தெருவில் விவரம் தெரிந்த தம்பி ஒருவர் இதையே சிலைக்குப் போடலாமா என்று கேட்டார். போடலாம்தான். ஆனால் கொஞ்சம் சாய்ந்து பார்த்தால் வலை சுவராகத் தெரியும். பஸ்ஸில் போகிறவனுக்கு நீலக் கோட்டு தெரியாது, நீட்டிய விரல் தெரியாது. பத்திரம் கூடக் கூட முகம் மறைகிறது. பட்டறைக்காரன் பார்வையில் இது அளவுப் பிரச்சினை. நமக்கு அப்படி இல்லை. சேரியின் முகப்பில் சிலை வைத்ததே முகம் தெரியத்தானே?

கூண்டு எங்கிருந்து வந்தது? 1997 ஜூலை 11 அன்று மும்பை ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டார்கள். கேட்கக் கூடிய மக்கள் மீது போலீஸ் சுட்டதில் பத்துப் பேர் செத்தார்கள். 2019 ஆகஸ்டில் வேதாரண்யத்தில் சிலையின் தலையை உடைத்தது வீடியோவாகவே ஊரெல்லாம் ஓடியது. மறுநாளே அரசு புதுச் சிலை வைத்தது. இப்படி ஒவ்வொரு சம்பவத்துக்குப் பின்னாலும் அதிகாரிகள் கண்டுபிடித்த மருந்து கூண்டு. கூண்டு இல்லாமல் சிலை வைக்க விடமாட்டோம் என்று ஓர் அதிகாரி எங்களிடம் நேராகவே சொன்னார். “எல்லாத் தலைவருக்கும்தானே போடறோம், உங்களுக்கு மட்டுமா?” என்று கேட்டார். தெற்கே பல சாதித் தலைவர்களின் சிலைகளுக்கும் கூண்டு இருப்பது உண்மை. ஆனால் இந்த ‘எல்லோரும் சமம்’ என்ற பேச்சைக் கவனிக்க வேண்டும். தெருவில் நடக்க, கிணற்றில் தண்ணீர் எடுக்க, கோயிலுக்குள் நுழையக் கேட்டபோது வராத சமத்துவம், கம்பி போடும்போது மட்டும் வந்து நிற்கிறது!

சட்டம் இல்லாமல் இல்லை. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015இல் திருத்தியபோது, பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் மதிக்கும் பொருளை உடைப்பதும் சேதப்படுத்துவதும் அவமதிப்பதும் குற்றம் என்று சேர்த்தார்கள். பொருள் என்றால் சிலையும் படமும் அடக்கம் என்று விளக்கமும் எழுதினார்கள். இதுவும் ஒரு வேலிதான், உடைக்க வருகிறவனைச் சுற்றிப் போட்ட வேலி. அதைக் காவல் காக்க வேண்டியவர்கள் அதை விட்டுவிட்டு, உடைபடுகிறவரைச் சுற்றி இரும்பு நடச் சொல்கிறார்கள். குற்றவாளிக்கு விதிக்க வேண்டிய தண்டனையைப் பாதிக்கப்பட்டவர் அனுபவிப்பது என்பதற்கு இதைவிட வெளிப்படையான உருவம் வேறு இருக்கிறதா? ராத்திரி ரோந்து, விளக்கு, பிடித்து வழக்குப் போடுவது இதெல்லாம் தினசரி வேலை. கூண்டு ஒருநாள் வேலை. கணக்கு அவர்களுக்கு நன்றாகத் தெரியும். வேலிக்கு ஓணான் சாட்சி.

அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட, தீண்டப்படாதார் யார் என்று ஆராயும் நூலில், சேரி என்பது கொஞ்ச காலத்துக்கு ஒதுக்கிவைத்த இடம் இல்லை, அசுத்தம் என்று முத்திரை குத்தியவர்களை முள்கம்பிக்குள் கூண்டுபோல் அடைத்த ஏற்பாடு என்ற பொருளில் எழுதியிருக்கிறார். இதைப் படித்த நாளிலிருந்து வெல்டிங் கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை செய்வது எனக்குச் சிரமமாக இருக்கிறது. ஊருக்கு வெளியே கூண்டு. கூண்டுக்குள் சேரி. சேரிக்குள் இன்னொரு கூண்டு, அதற்குள் அவர். எத்தனை கூண்டு ஐயா!

முள்கம்பி பிறந்ததே மாட்டுக்காகத்தான். 1874இல் அமெரிக்காவில் கிளிடன் என்ற விவசாயி அதற்குக் காப்புரிமை வாங்கினார். மாட்டுக்கு வந்தது மனுசனுக்கு வர ரொம்ப நாள் ஆகவில்லை. நம் நாட்டில் கம்பி வருவதற்கு முன்னாலேயே வேலி இருந்தது, அதற்கு இரும்பு தேவைப்படவில்லை. தேவைப்பட்டபோது அதையும் சேர்த்துக்கொண்டார்கள். மதுரைப் பக்கம் உத்தபுரத்தில் 1989–90 கலவரத்துக்குப் பின் எழுப்பிய சுவரின் மேல் மின்கம்பி போட்டிருந்தது 2008இல் வெளியே தெரிந்தது. போராட்டத்துக்குப் பிறகு அந்த வருசம் மே 6 அன்று சுவரில் ஒரு பகுதியை இடித்து வழிவிட்டார்கள். மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 விடியலில், பெரிய வீட்டின் சுவர் மழையில் சரிந்து பக்கத்துக் குடிசைகள் மேல் விழுந்தது. பதினேழு பேர் செத்தார்கள். வேலி உள்ளே இருப்பவரைக் காப்பது என்று சொல்கிறோம். நடூரில் சுவர் காத்தது யாரை?

எங்கள் ஊர்ப் பட்டில் இன்னொரு வேலியும் உண்டு. அதைப் பற்றிச் சொல்லாமல் ஆரணிக்காரன் வேலி பற்றிப் பேசினால் நன்றாக இருக்காது. முதலாளி தன் வீட்டுக்கு என்னிடம் கனத்த கிரில் வாங்குவார். ஆனால் விலை உயர்ந்த பாவையும் ஜரிகையையும் நெசவாளியின் தாழ்ந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்குவார். அந்தக் கதவு ஓர் உதைக்குத் தாங்காது. பயம் இல்லையா என்றால் இல்லை. முன்பணம் கொடுத்திருக்கிறார். ஆள் வேறு முதலாளியிடம் போக வேண்டுமானால் அந்த முதலாளி கடனைக் கட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். ஏற முடியாது, அறுக்க முடியாது, கழற்ற முடியாது. 358 வலையெல்லாம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. கொத்தடிமை முறையை ஒழித்ததாகச் சட்டம் வந்தது 1976இல். பட்டுத் தறியில் கொத்தடிமையாக உட்கார்ந்த பிள்ளைகளைப் பற்றி, காஞ்சிபுரத்தையும் சேர்த்து, ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை வெளியிட்டது 2003இல். என் வயசுப் பிள்ளைகள் சிலர் எங்கள் தெருவிலிருந்து அப்படித் தறிக்குப் போனார்கள். அவர்களைச் சுற்றி ஒரு கம்பியும் இருந்ததில்லை.

ஆகவே கூண்டை மறுப்பது சுலபம், எழுத்தில். தெருவில் நடந்த பேச்சு வேறு. காலேஜ் படிக்கிற ஒரு தம்பி, “வெளியில இருக்கறவனுக்குப் போட வேண்டிய கம்பிய உள்ள நிக்கறவருக்குப் போடறீங்களேண்ணா” என்றான். நான் மேலே எழுதியதெல்லாம் அவன் ஒரு வரியில் சொன்னதுதான். அதற்கு ஓர் ஆயா எழுந்து பதில் சொன்னார்: “இன்னாத்துக்குடா கூண்டு வாணாம்ன்ற? செல ஒடைஞ்சா ஒடைச்சவனுக்கு ஒண்ணும் ஆவாது. போலீசு நம்ம தெருவுக்குத்தான் வரும். நாம ரோட்டுல குந்துவோம், படிக்கிற புள்ளைங்க மேல கேஸ் எழுதுவான். அப்பறம் எந்த ஆபீஸ்ல வேல குடுப்பான்? கூண்டு செலைக்கு இல்லடா, எம் பேரனுக்கு.”

இதற்கு என்ன பதில்? சுயமரியாதை பேசுகிறவர்கள் இந்த ஆயாவைப் பயந்தவர் என்று ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. அவர் கேட்பது மானமா உயிரா என்ற பழைய கேள்வி இல்லை. மானத்துக்கான விலையை யார் கொடுப்பது என்ற கேள்வி. மேடையில் பேசுகிற நானா, கேஸில் மாட்டுகிற பேரனா? அடுத்தவன் பிள்ளையை வைத்துக் கூண்டை எதிர்க்க எனக்கு உரிமை இல்லை என்றுதான் நினைக்கிறேன். அதேசமயம், அரசு கட்டளையிட்டுப் போடுகிற கூண்டும், நாமே முடிவுசெய்து போடுகிற கூண்டும் ஒன்றல்ல என்றும் நினைக்கிறேன். வித்தியாசம் எங்கே இருக்கிறது? சாலையிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒரே கம்பிதான். வித்தியாசம் சாவியில் இருக்கிறது, எப்போது கழற்றுவது என்று முடிவு செய்வது யார் என்பதில் இருக்கிறது. ஏப்ரல் 14க்கும் டிசம்பர் 6க்கும் மாலை போட, சாவிக்காக ஓர் அலுவலக வாசலில் நிற்க வேண்டியிருந்தால் அது சிறை. சாவி நம் பெண்களின் மடியில் இருந்தால் அதை ஒரு கதவு என்றாவது சொல்லலாம்.

கடைசியில் செய்தது இப்படி. ஆளுயரத்துக்கு மேல் செங்கல் பீடம், ஏறுவதற்குப் பிடி இல்லாமல் வழவழவென்று பூசியது. அதனால் கம்பியை அடர்த்தியாக வைக்க வேண்டியதில்லை. முகத்துக்கு நேரே குறுக்குப் பட்டை கிடையாது. முன்பக்கம் முழுக்கத் திறக்கிற கதவு. தூண்களைக் கான்கிரீட்டில் புதைக்கவில்லை. உள்பக்க போல்ட்டில் நிறுத்தியிருக்கிறேன், கதவைத் திறந்தால்தான் ஸ்பேனர் எட்டும். நாலு பேர் ஒரு மணி நேரத்தில் மொத்தத்தையும் கழற்றிவிடலாம். வெல்டு வைத்திருந்தால் இன்னும் உறுதி, செலவும் குறைவு, மற்ற பட்டறைக்காரர்கள் அதைத்தான் சொன்னார்கள். தெரு விளக்கு கேட்டு மனு கொடுத்திருக்கிறோம், இன்னும் வரவில்லை. பையன்கள் முறை வைத்து ராத்திரி உட்கார்ந்திருக்கிறார்கள்.

பூட்டுக்கு இரண்டு சாவி வந்தது. ஒன்றைத் தங்களிடம் ஒப்படைக்கச் சொல்லி இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார்கள். அந்த ஆயாவே, “குடுக்காத” என்றார். கொடுக்கவில்லை.