புண்ணும் பொருளும்

எல்லை வேலியில் நின்ற பூவரசங் கதியால் ஒன்றின் பொருட்டு அயலவர் இருவரிடையே வாய்த்தர்க்கம் மூண்டு, ஒருவர் மற்றவரைப் பொல்லால் அடித்து வலக்கையை முறித்துவிட்டார் எனக் கொள்வோம். அடிபட்டவர் கமக்காரர். பொலிசார் வழக்குத் தொடர்ந்தனர். எதிரி குற்றத்தை ஒப்புக்கொண்டார். நீதவான் ஒத்திவைத்த சிறைத்தண்டனையும் தண்டப்பணமும் விதித்தார். தண்டப்பணம் அரசுக்குச் சென்றது. எதிரி வீடு திரும்பினார். கமக்காரரும் வீடு திரும்பினார். ஆயின் அப்போகத்து வெங்காயச் செய்கை கைவிடப்பட்டிருந்தது. மண்வெட்டி பிடிக்கும் வலிமை கைக்கு மீளவில்லை. நட்டஈடு கோரி மாவட்ட நீதிமன்றத்தை நாடுமாறு ஒருவர் அறிவுரை கூறியபோது, அவருடைய சுற்றத்தாரே அதனைத் தடுத்தனர். ‘அடியையும் வாங்கி, அதற்குக் காசும் வாங்குவதா? மானமுள்ளவன் செய்யும் காரியமா இது?’ என்பது அவர்கள் வினா.

இவ்வினாவை அறியாமை என்று தள்ளிவிடல் தகாது. அதனுள் ஆழ்ந்த அறவுணர்வு ஒன்று பொதிந்துள்ளது. மனித உடல் சந்தைப் பொருளன்று. அதற்கு விலை கூறுதல் அதனை இழிவுபடுத்துவதாகும் என்பதே அவ்வுணர்வு. எனவே, காயமுற்றவன் பொருள் கோருவது தன்னைத் தானே விற்பதாகுமா, அன்றேல் நீதியின் பாற்பட்டதாகுமா என்பதை ஆராய்தல் வேண்டும்.

உடற்காயத்துக்கு நிலையான விலை குறித்த சமுதாயங்கள் இருந்ததுண்டு. கி. பி. 600ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் கென்ற் நாட்டை ஆண்ட ஏதல்பேட் மன்னனின் சட்டத்தில், பெருவிரலுக்கு 20 சிலிங், முன்பல் ஒன்றுக்கு 6 சிலிங் என்றவாறு உறுப்புத்தோறும் தொகை வகுக்கப்பட்டிருந்தது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே உரோமரின் பன்னிரு பலகைச் சட்டம், எலும்பு முறிக்கப்பட்டவன் சுதந்திரனாயின் 300 ‘அஸ்’ நாணயமும், அடிமையாயின் 150உம், சிறு தாக்குதலுக்கு 25உம் என வரையறுத்தது. இதனால் விளைந்த கேட்டினை ஒலுஸ் கெலியுஸ் என்னும் உரோம ஆசிரியர் ஒரு கதையாகப் பதிவு செய்துள்ளார். லூசியுஸ் வெராற்றியுஸ் என்னும் செல்வன் எதிர்ப்பட்டோர் கன்னத்தில் அறைந்து மகிழ்வானாம். பின்னே பணப்பையுடன் வரும் அடிமை, அறைபட்டவர் ஒவ்வொருவருக்கும் 25 நாணயத்தை உடனே எண்ணிக் கொடுப்பானாம். இந்நிலை கண்டே, நிலையான தொகையைக் கைவிட்டு, ஒவ்வொரு வழக்கிலும் தீங்கின் தன்மைக்கேற்ப மதிப்பிடும் முறையை உரோம நீதியதிகாரிகள் கொணர்ந்தனர் என்பர். விலை முன்கூட்டியே குறிக்கப்பட்டால், குற்றம் வாங்கத்தக்க பண்டமாகிவிடும் என்பது இதனாற் பெறப்படும்.

ஊரார் கூறும் ஆட்சேபத்தை உரோம சட்ட அறிஞரும் அறிந்திருந்தனர். காயுஸ் என்பார் சுதந்திர மனிதனின் உடல் விலைமதிப்புக்கு அப்பாற்பட்டது என்றும், ஆதலால் தழும்புக்கோ உருச்சிதைவுக்கோ மதிப்பீடு இல்லை என்றும் கருதினார். ஆயினும் வைத்தியருக்குக் கொடுத்த கூலி, இழந்த வேலை, இனி இழக்கவிருக்கும் வேலை ஆகியவற்றை நீதிபதி கணக்கிடுதல் வேண்டும் என்பதையும் அவரே கூறினார். உடலுக்கு விலையில்லை என்பதும், தீங்கினால் வந்த செலவை அதனைச் செய்தவனே ஏற்றல் வேண்டும் என்பதும் ஒன்றற்கொன்று முரண்பட்டனவல்ல என்பது இங்குப் புலனாகின்றது. பிற்காலத்து ஒல்லாந்த அறிஞர் குரோசியுஸ், 1631இல் வெளிவந்த தம் நூலில் ஒருபடி மேற்சென்றார். நோவும் உருச்சிதைவும் உண்மையில் ஈடுசெய்யத்தக்கன அல்லவெனினும், கோரப்படுமிடத்து அவை பணத்தால் மதிப்பிடப்படும் என்பது அவர் தரும் விளக்கம். ஈடுசெய்ய இயலாது என்பதை ஒப்புக்கொண்டவாறே ஈடு வழங்கும் இந்நிலை, முதற்பார்வையில் முரணாகத் தோன்றலாம். ஆயின் இயலாமையைக் காரணங்காட்டி யாதும் வழங்காது விடுதல், தீங்கு செய்தவனுக்கே இலாபமாகும் என்பதை எண்ணிப்பார்த்தால் அம்முரண் அகலும்.

ஒல்லாந்தர் வழியாக இலங்கைக்கு வந்த இச்சட்டம், ஆங்கிலேயரின் 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் பின்னரும் நிலைபெற்று, இன்றும் நம் நாட்டின் தீங்கியற் சட்டத்துக்கு அடிப்படையாக உள்ளது. பொருளிழப்புக்கான கோரிக்கையோடு, வேண்டுமென்றே செய்யப்பட்ட அவமதிப்புக்கான கோரிக்கையையும் அது தனியே ஏற்கின்றது. ஒருவனுடைய உடல், மானம், நற்பெயர் ஆகிய மூன்றும் ஒரே பாதுகாப்பின் கீழ் அடங்கும் என்பது அதன் கோட்பாடு. ஆகவே தாக்கப்பட்டவன் வழக்காளியாக நிற்பது மானத்தை விற்பதற்கன்று; மானம் தீண்டப்பட்டது என்பதை மன்றறியச் செய்வதற்கேயாம்.

குற்றவாளி தண்டிக்கப்பட்டபின் வேறொரு வழக்கு எதற்கு எனச் சிலர் வினவலாம். குற்றவியல் வழக்கு அரசுக்கும் எதிரிக்கும் இடையிலானது. அங்கே அடிபட்டவர் வெறும் சாட்சி. கூண்டில் ஏறித் தம் காயத்தைக் கூறி இறங்குவதோடு அவருடைய பங்கு பெரும்பாலும் முடிந்துவிடுகின்றது. குடியியல் வழக்கிலோ அவரே ஒரு தரப்பினர். குற்றவியல் வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் எண்பித்தல் வேண்டும். குடியியல் வழக்கில் நிகழ்தகவு எப்பக்கம் சாய்கின்றது என்பதே அளவுகோல். அரிஸ்ரோட்டில் தம் அறவியல் நூலின் ஐந்தாம் பகுதியில், அடித்தவனுக்கு ‘இலாபம்’ அடிபட்டவனுக்கு ‘நட்டம்’ என்பன இவ்விடத்துச் செவ்வனே பொருந்தாச் சொற்கள் என்பதை உணர்ந்தே, குலைந்த சமநிலையை மீட்பது நீதிபதியின் கடன் என்றார். தண்டனை சமுதாயத்தின் கணக்கைத் தீர்க்கின்றது. அவ்விருவரிடையே உள்ள கணக்கு தீராமலே கிடக்கின்றது. குற்றவாளியை நட்டஈடு செலுத்துமாறு பணிக்கும் அதிகாரத்தை 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் நீதிமன்றத்துக்கு வழங்கியுள்ளமை, இக்குறையைச் சட்டமும் உணர்ந்தமைக்குச் சான்று. ஆயினும் அது நீதிமன்றம் வழங்கக்கூடியதே அன்றி, காயமுற்றவர் வழக்காளியாக நின்று நிலைநாட்டும் உரிமையன்று.

மன்னித்தலன்றோ சிறந்தது என்னும் ஆட்சேபமே எஞ்சுவது. வள்ளுவர் பொறையுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். செங்கோன்மைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். முன்னையது இல்லறத்தானுக்குரிய பண்பு. பின்னையது அரசனுக்குரிய கடமை. பொறுத்தலை ஒருவன் தானே மேற்கொள்ளலாம். பிறர் அவன்மேற் சுமத்துதல் முறையன்று. கோரும் வழியிருந்தும் கோராது விடுபவன் மன்னிக்கின்றான். வழியே இல்லாதவன் மன்னிப்பதில்லை, தோற்கின்றான். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த மத்தியஸ்த சபைகளுக்குச் சிறு காயம் விளைத்தல் போன்ற வழக்குகள் அனுப்பப்படுகின்றன. அயலார் பகையின்றி வாழ அச்சபைகள் ஆற்றும் பணி பெரிது. ஆயினும் வலியவன் வேட்டியை உதறி எழ, எளியவன் ஊருக்கஞ்சித் தலையசைக்கும் இணக்கம், சமாதானத்தின் பெயரால் நிகழும் இரண்டாவது அடியாகும்.

நட்டஈட்டு முறைக்குக் குறைகள் இல்லாமலில்லை. தாக்கியவன் வறியவனாயின் தீர்ப்பு ஏட்டளவில் நிற்கும். செல்வனாயின் வெராற்றியுஸின் பணப்பை மீண்டும் தலைகாட்டும். முன்னைய குறைக்கு ஓரளவு பரிகாரமாக, பாதிக்கப்பட்டோருக்கு உதவும் பொறுப்பை அரசும் ஏற்கும் சட்டம் 2015இல் இயற்றப்பட்டது. 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. பின்னைய குறைக்கோ, நட்டஈடு தண்டனைக்கு மாற்றாகாது, அதன் துணையாகவே நிற்றல் வேண்டும் என்பதே விடை.

இவையனைத்தினும் கொடியது காலம். தீங்குக்கான வழக்கை இரண்டாண்டுகளுக்குள் தொடுத்தல் வேண்டும் என்பது 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் விதி. குற்றவியல் வழக்கு முடியட்டும் எனக் காத்திருப்பவன், அது முடியுமுன்னரே தன் உரிமை மறைந்துவிட்டதைக் காண நேரலாம். ‘மானமுள்ளவன் செய்யும் காரியமா’ என ஊரார் விவாதித்திருக்கும் நாள்களும் அவ்விரண்டாண்டுக் கணக்கில் அடங்குவனவே.

நமது கமக்காரரின் கைக்கு விலை இல்லை. அதனை மறுப்பார் எவருமிலர். ஆயினும் அக்கை செய்யாது விட்ட வேலையின் சுமையை எவரோ ஒருவர் சுமந்தே தீரல் வேண்டும். வழக்கு இல்லையெனின் அவர் மனைவியும் மக்களும் சுமப்பர். அடித்த கை சுமத்தல் நீதியா, அடிபட்ட கை சுமத்தல் நீதியா என்பதே உண்மையான வினா. அவ்வினாவை மன்றிலே எழுப்புபவர் தம்மை விற்பவரல்லர். தாம் விற்பனைக்குரியவரல்லர் என்பதை நிலைநாட்டுபவரே ஆவர்.